ஓரத்துக்குக் கொஞ்சம் கனம்

தம்பி, உங்கள் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கோ நாளைக்கோ விழுந்துவிடும். பிறகு வேறு நிறத்தில் ஒன்றை வைத்துத் தைப்பீர்கள், சட்டையின் முகமே மாறிப்போகும். என் ஊசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இருந்திருந்தால் பேசிக்கொண்டே தைத்துக் கொடுத்திருப்பேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு ஒழுங்காக வராது.

பரவாயில்லை, முயற்சி செய்கிறேன். நான் சொல்வதை அந்தப் பெண் நிதானமாகவே எழுதட்டும். விரல் வலித்தால் சொல்லம்மா, நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. வீட்டிலிருந்தபடி பழைய துணிகளை வெட்டி ஒட்டிப் போர்வை தைக்கிறேன். ஒரு சட்டை கிழிந்தால் ஜனங்கள் சட்டையே போய்விட்டது என்கிறார்கள். போவது காலரும் முழங்கையும்தான். முதுகுப்பக்கம் அப்படியே இருக்கும். கால்சட்டையில் முட்டியும் உட்காரும் இடமும் தேய்ந்திருக்கும், ஆடுசதையை மூடுகிற துணி புதுசு போலவே இருக்கும். மனிதர்கள் தங்கள் உடுப்பில் பாதியைக்கூடப் பயன்படுத்தாமல் தூக்கி எறிகிறார்கள். இதை நினைத்து எத்தனையோ நாள் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை ஒன்றும் கடினமில்லை. சாயம் போவது நிற்கும்வரை அலச வேண்டும். இஸ்திரி போட்டு, அட்டை வைத்து ஒரே அளவில் சதுரம் சதுரமாக வெட்டி இணைக்க வேண்டும். நடுவே ஒரு பழைய கம்பளி, அடியில் ஒரு பழைய விரிப்பு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க மேலிருந்து கீழ்வரை ஓட்டுத் தையல். புதுத் துணியைச் சேர்க்கவே கூடாது. முதல் துவையலில் அது சுருங்கிப் பழையதையும் இழுத்துக் கெடுத்துவிடும்.

வெட்டுவதற்கு முன்னால் பொத்தான்களைக் கழற்றிவிடுவேன். பெரியது தனி, சின்னது தனி. ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாட்டில், மேலே லேபிள். ஒருவர் பொத்தானை இன்னொருவர் பொத்தானோடு கலந்ததே கிடையாது. என் வேலையில் அது ஒரு ஒழுக்கம்.

தெருவில் கேலி செய்வார்கள். நான் போனால், "போர்வையம்மா வர்றாங்க, கொடியில கிடக்கறதையெல்லாம் எடுத்து உள்ள வைங்கப்பா" என்பார் எதிர்வீட்டுக்காரர். நானும் சிரிப்பேன். அவர் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டை நல்ல சட்டை. முதுகு இன்னும் பத்து வருடம் தாங்கும்.

இதெல்லாம் தொடங்கியது அக்கா போனபோதுதான். அவள் துணிகளை ஒரே மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்தார் அத்தான், அவள் கணவர். முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். நல்ல மனிதர், ஆனால் துணியின் அருமை தெரியாதவர். நான் மூட்டையை உள்ளே தூக்கி வந்து, இருபது நாளில் போர்வையாக்கி, அவர்களுடைய ஒரே பெண்ணின் கையில் கொடுத்தேன். வீட்டில் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். இப்போது கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஊராருக்குக் கண் சோதிக்கிறவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. போர்வையைப் போர்த்திக்கொண்டு, "அம்மா மடியில படுத்த மாதிரியே இருக்கு சித்தி" என்று அழுதாள். எதற்காகப் பிறந்தேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

பிறகு துக்க வீடுகளிலிருந்து பை பையாகத் துணி வர ஆரம்பித்தது. ஒரே ஒரு குறை, எல்லாரும் தாமதமாக வந்தார்கள். ஆள் போய் ஒரு வாரம் கழித்துத்தான் என் ஞாபகம் வரும். அதற்குள் நல்ல சட்டையை மைத்துனர் மாட்டிக்கொண்டு போயிருப்பார், நல்ல கால்சட்டை யாருக்கோ தானமாகப் போயிருக்கும். எனக்கு மிஞ்சுவது பனியனும் கைக்குட்டையும். கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒரு முழு மனிதரை எப்படித் தைப்பது, சொல்லுங்கள்.

ஆகவே சற்று முன்கூட்டியே போய்ப் பார்க்கத் தொடங்கினேன். மூலைவீட்டுத் தட்டச்சுக்காரருக்குக் குணமாகாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் மனைவியிடம், "எப்படியும் செய்யப் போறதுதானே, நிதானமா செஞ்சா நல்லா வரும்" என்றேன். அவள் அலமாரியைத் திறந்துவிட்டாள். அவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசிச் சட்டையையும் எடுத்தபின் வெறும் கொக்கிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மூன்று நாளில் முடிந்துவிட்டது. போர்வை சரியான நேரத்துக்குத் தயாராக இருந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். அதன்பிறகு இன்னும் நான்கு பேர். யாருமே என்னைக் காக்கவைக்கவில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அத்தான் விஷயத்தில் நான் புதிதாக எதையும் ஆரம்பித்துவிடவில்லை. என் முறைப்படிதான் ஆரம்பித்தேன்.

அவருக்கு இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது. அதிகம் போனால் பத்து நாள் என்றார் டாக்டர். சிட்டுவிடம் கேட்டேன். அவள் அழுதுகொண்டே, "அம்மாவுக்குத் தச்ச மாதிரியே அப்பாவுக்கும் ஒண்ணு வேணும் சித்தி" என்றாள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் வீட்டில் போட்டது சீருடைச் சட்டைகளைத்தான். சாம்பல் நிறம், பதினொன்று. சட்டைக்கு இரண்டு பை, இரண்டு மூடி, மூடிக்கு ஒன்றாக இரண்டு சின்ன வெள்ளைப் பொத்தான். இவைபோக சிட்டு வாங்கித் தந்த ஊதாச் சட்டை ஒன்று, நாலு கால்சட்டை. மருத்துவமனையில் அவர் கண் மூடிக் கிடந்தபோது எல்லாவற்றையும் அலசி வெட்டிவிட்டேன்.

அந்தப் போர்வையை நீங்கள் பார்த்தீர்கள். பிரித்துப் போட்டிருக்கிறீர்கள், இருந்தாலும் பார்த்தீர்கள். சாம்பல் சதுரங்கள் சாலைகள். கால்சட்டைத் துண்டுகள் வீடுகள். ஊதா, ஏழாம் எண் பேருந்து. அவர் ஓட்டிய பாதை ஒரு திருப்பம் விடாமல் அதில் இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், கடைசித் திருப்பத்தைத் தைத்தபோது அழுதேன். எங்கள் மாதர் மன்ற மண்டபத்தில் வருடா வருடம் கைவேலைக் கண்காட்சி நடக்கும். அதில் நினைவுப் பிரிவு என்று ஒன்று உண்டு. போர்வையின் பேரை அங்கே பதிந்தேன். ‘மறைந்த ஓட்டுநர் நினைவாக’ என்று அட்டையும் அச்சாகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் அத்தான் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டார்.

புதிதாக வந்த டாக்டர் மாத்திரையை மாற்றியிருந்தார். வெள்ளையாக, சின்னதாக ஒன்று. காலையில் ஒரே ஒரு வேளை. "ஒரு நாள்கூட விடக் கூடாது. இது நின்னா ஆள் தாங்காது" என்று என்னிடம்தான் சொன்னார். பகலில் பார்த்துக்கொள்ளப் போகிறவள் நான் என்பதால் இரண்டு தடவை சொன்னார். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என் சட்டை எங்கம்மா?"

"சலவைக்குப் போயிருக்கு அத்தான்."

"எல்லாமேயா?"

"எல்லாமே அழுக்கா இருந்துச்சு."

"கால்சட்டை?"

"அதுவும் கூடவே போயிருக்கு."

அவர் தன் மேலிருந்த மருத்துவமனை அங்கியைக் குனிந்து பார்த்தார். "அப்போ நான் எதைப் போட்டுக்கிட்டு நடமாடறது?"

சிட்டுவின் பழைய பூப்போட்ட நைட்டி ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தேன். அவருக்கு முழங்காலுக்குக் கீழே கொஞ்சம்தான் வந்தது. தினமும் பத்து மணிக்கு ஏழாம் எண் எங்கள் தெரு வழியாகப் போகும். அதில் இருந்த நடத்துனர் இவரோடு இருபது வருடம் வேலை பார்த்தவர், விசில் என்று பட்டப்பேர். வீட்டைத் தாண்டும்போது இரண்டு தடவை விசில் ஊதுவார். அத்தான் ஜன்னலுக்கு ஓடுவார், நைட்டி ஞாபகம் வந்ததும் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தலையை மட்டும் நீட்டுவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஒரு தடவை அந்த வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து முழு ரவுண்டு போய்வர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. விசிலிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

சிட்டு அன்றைக்கே புதுத் துணி வாங்கி வருகிறேன் என்றாள். நான்தான் தடுத்தேன். "இப்ப இளைச்சிருக்கார். தேறினதும் அளவு மாறும். ரெண்டு வாரம் பொறு, எதுக்கு வீணா" என்றேன். வீணா என்ற சொல்லுக்கு அவள் கட்டுப்பட்டவள். நான் வளர்த்த வளர்ப்பு.

நாலாவது நாள் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டே முன்னறைக்கு வந்துவிட்டார். போர்வை சட்டத்தில் கட்டியிருந்தது, ஓரம் மட்டும் பாக்கி. கிட்டே போய்த் தடவினார். கண் மங்கல், கை மங்கல் இல்லையே. ஒரு சீருடைப் பையின் மூடியில் விரலை வைத்தார், அப்படியே நின்றார்.

"என்னம்மா இது, என்னைப் பிரிச்சு மேஞ்சுட்டியா?"

"நல்லா வந்திருக்கா அத்தான்?"

"நல்லாத்தான் வந்திருக்கு. நான் இல்லேன்னா இன்னும் நல்லா இருக்கும்போல."

சொல்லிவிட்டு இருமும்வரை சிரித்தார். கோபமே படவில்லை. மூச்சு வாங்கி முடித்ததும், "சரி, என் சட்டையைத் திருப்பிக் கொடு" என்றார்.

"வெட்டியாச்சே அத்தான்."

"வெட்டினதை ஒட்டற கைதானே உன்னோடது? ஒண்ணே ஒண்ணு போதும். வண்டியில ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன். அப்புறம் நீயே வச்சுக்கோ."

ஒரு சாம்பல் சட்டை ஆக வேண்டுமென்றால் இருபத்தாறு சதுரம் பிரிக்க வேண்டும். ஏழாம் எண்ணின் பாதையில் பாதி காணாமல் போய்விடும். இதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் மறுபடியும், "சட்டையைத் திருப்பிக் கொடு" என்றார். அதற்கு மறுநாளும் அதேதான். கூடவே இன்னொன்றும் சொன்னார். "கண்காட்சிக்கு நானும் வர்றேன். பக்கத்துல நின்னு எந்த இடம் எந்த ஸ்டாப்புன்னு வர்றவங்களுக்கு எடுத்துச் சொல்றேன். உனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

கண்காட்சிச் செயலாளர் அம்மாவிடம் போய் நிலைமையை நேர்மையாகவே சொன்னேன். நினைவுப் பிரிவில், மிகவும் முடியாமல் இருக்கிறவர்களைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மறைந்த தேதின்னு ஒரு கட்டம் இருக்குங்களே. அதைக் காலியா விட முடியாது."

"இப்போதைக்குக் காலியா இருக்கட்டும்னா?"

"கண்காட்சி அன்னிக்குக் காலை வரைக்கும் நிரப்பிக் கொடுக்கலாம். அதுக்கு மேல நான் விதியை மீற முடியாதுங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு இந்த வருஷம் கண்டிப்பா பரிசு. போர்வையைப் பத்தி எல்லாரும் பேசிக்கறாங்க" என்றார்.

கண்காட்சிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

தம்பி, நான் கொடுமைக்காரி இல்லை. அந்த ஆளுக்கு டாக்டர் கொடுத்தது பத்து நாள். அதற்கு மேலே வந்தவை எல்லாம் மீந்த நாட்கள். மீந்ததை எங்கே பயன்படுத்தலாம் என்று பார்ப்பதுதான் என் வாழ்நாள் பழக்கம்.

மறுநாள் காலையில் சிட்டு எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பியதும், அட்டையிலிருந்து அன்றைய மாத்திரையை உறையோடு கத்தரித்து எடுத்தேன். குப்பையில் போடலாம் என்று வாளிவரை போனேன். கை வரவில்லை. நல்ல மாத்திரை, காலாவதிக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதைப் போய்க் குப்பையில் போடுவதா? முன்னறையில் போர்வையின் ஓரம் பாக்கியிருந்தது. போர்வை ஓரத்துக்கு எப்போதும் கொஞ்சம் கனம் வேண்டும், இல்லையென்றால் படுத்தவர்களின் மார்புக்கு ஏறிக்கொள்ளும், கால் வெளியே கிடக்கும். சிலர் கூழாங்கல்கூட வைப்பார்கள். நான் மாத்திரையை ஓர மடிப்புக்குள் வைத்து இரண்டு பக்கமும் அழுத்தித் தைத்தேன். மறுநாள் ஒரு சாண் தள்ளி இன்னொன்று. உறையோடு வைத்ததற்குக் காரணம், துவைக்கும்போது கரைந்து துணியில் கறை படக் கூடாது.

அத்தானுக்கு வித்தியாசம் தெரிந்தது. "மாத்திரை முன்ன மாதிரி கசக்கலையே" என்றார் ஒரு நாள்.

"உடம்பு தேறிட்டா கசப்பு தெரியாது அத்தான்" என்றேன்.

"அப்போ சட்டையைத் திருப்பிக் கொடு, கிளம்பறேன்" என்றார்.

பத்தாம் நாளுக்குப் பிறகு கால் வீங்கியது. பிறகு ஜன்னலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். விசில் ஊதிக்கொண்டே போவார், இவர் படுக்கையிலிருந்து கையை மட்டும் தூக்குவார். டாக்டரைக் கூட்டி வந்தாள் சிட்டு. அவர், "மாத்திரை தவறாம போகுதா?" என்று கேட்டார். "தினமும் நானே என் கையால கொடுக்கறேன், என் கண் முன்னாடி முழுங்கறார்" என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலையில், விசில் ஊதுவதற்கு முன்னாலேயே போய்விட்டார். கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. கட்டத்தை நிரப்பிக் கொடுத்தேன். அச்சான அட்டையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

முதல் பரிசுதான். நடுவராக வந்திருந்த அம்மா ஓரத்தைத் தூக்கித் தூக்கிவிட்டுப் பார்த்தார். "எவ்வளவு அழகா விழுது பாருங்க. இந்தக் கனம் எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். பொறுமையும் தினசரி உழைப்பும்தான் என்றேன். கைதட்டினார்கள். விசிலும் வந்திருந்தார். ஊதாத் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஒரு விஷயம்தான் எனக்கு இன்னும் மனசை அரிக்கிறது. போட்டு அனுப்ப வீட்டில் அவருக்கு ஒரு துணி இல்லை. சிட்டு ஓடிப்போய்ப் புதுச் சட்டையும் கால்சட்டையும் வாங்கிவந்தாள். மடிப்புக் கலையாத, நல்ல நெசவுள்ள சட்டை. அப்படியே அவரோடு போய்விட்டது. இந்த விஷயம் முழுவதிலும் வீணானது என்றால் அது ஒன்றுதான்.

போர்வை சிட்டுவிடம் போனது. போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் காய்ச்சலென்று அதைப் போர்த்திப் படுத்தாளாம். புரளும்போதெல்லாம் ஓரத்தில் சரசரவென்று சத்தம். நூலை நான் கெட்டியாகத்தான் போட்டிருந்தேன், கத்தரிக்கோலால் பிரித்திருக்கிறாள். ஒரு சாணுக்கு ஒன்று என்று பத்தொன்பது. கண் அளவு பார்க்கிறவள் அல்லவா, எழுத்து எவ்வளவு பொடியாக இருந்தாலும் படித்துவிடுவாள். அப்பாவின் கண்ணாடியை மாற்றத்தான் அவளுக்கு ஆறு மாதமாக நேரம் கிடைக்கவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சமையலறையில் வந்து நின்று, பத்தொன்பதையும் மேசையில் வரிசையாக வைத்தாள். "அப்பாவுக்கு என்ன கொடுத்தே சித்தி?" என்று கேட்டாள். அவள் என்னை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வருத்தமாக இருந்தது. வளர்த்த பெண்.

நீங்களும் காலையிலிருந்து அதையேதான் கேட்கிறீர்கள். மாத்திரை போர்வையில் இருந்ததென்றால், பத்தொன்பது நாளும் அவர் தண்ணீரோடு விழுங்கியது என்ன என்று.

உங்கள் மேசையில் என் பாட்டிலில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே, அதை இப்படித் திருப்புங்கள். லேபிளைப் படியுங்கள். ‘அத்தான், சின்னது.’ பதினொரு சீருடை, சட்டைக்கு இரண்டு, மொத்தம் இருபத்திரண்டு போட்டு வைத்தேன். உள்ளே இப்போது மூன்று இருக்கும். கொட்டிப் பாருங்கள்.

முதல் நாள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஓட்டை இருக்கேம்மா" என்றார்.

"புதுசா வர்றது அப்படித்தான் அத்தான். தண்ணி உள்ள போய்ச் சீக்கிரம் கரையணுமில்ல."

"நாலு ஓட்டையா?"

"நல்ல கம்பெனி."

சிரித்தார். ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். என்னை அவ்வளவு நம்பினார்.

தம்பி, அந்த எழுதுகிற பெண்ணின் முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது? தண்ணீர் கொடுங்கள். நீங்கள் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் முக்கியம். அலமாரியில் நாற்பது பாட்டில் இருக்கிறது. தட்டச்சுக்காரருடையதும் இருக்கிறது, அக்காவுடையதும் இருக்கிறது. அவசரத்துக்குக்கூட வேறு யார் பாட்டிலையும் நான் திறக்கவில்லை. கடைசி மூச்சுவரை அந்த மனிதர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சட்டையைத் திருப்பிக் கொடு என்று. முழுச் சட்டையாகக் கொடுக்க வழியில்லை, வெட்டியாகிவிட்டது. ஆனால் திருப்பிக் கொடுக்க முடிந்ததைத் தினமும் காலையில் ஒன்றாக, என் கையாலேயே திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.